கைபேசியில் நாடி பார்க்க முடியுமா?

(விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவதையொட்டி, 2020-ஐச் செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலேதான் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டு, 25-ந் தேதி முதல் நாடெங்கும் ஊரடங்காயிற்று. நர்சிங் படித்த நம் ஆயக்குடிப் பிள்ளைகளும் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார்கள். பிறகு வகுப்பெல்லாம் கைபேசியில்.

பாவசங்கீர்த்தனம் கேட்கிற நானே இன்று உங்கள் முன் ஒன்று செய்கிறேன். கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் தகப்பனார் ஒருவர் அந்நாளில் என்னிடம் வந்து, "சாமி, மகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள். கேட்டால் எரிந்து விழுகிறாள், சரியாகச் சாப்பிடுவதுமில்லை" என்று முறையிட்டார். நானும் விசாரிக்காமல் அந்தப் பிள்ளையை அழைத்து, படிப்பில் அக்கறை வேண்டுமென்று புத்தி சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

"தசையில் ஊசி போட 90 டிகிரி என்று பரீட்சையில் எழுதிவிடுவேன் சாமி. ஆனால் ஒரு நோயாளியின் கையைக்கூட இன்னும் தொடவில்லை. நாளை வார்டில் விட்டால் யாருக்காவது கெடுதல் செய்துவிடுவேனோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. படிப்பை விட்டுவிடலாமா?" என்றாள்.

சோம்பல் என்று நான் எண்ணியது பயம். அதுவும் நியாயமான பயம். வரலாறு படிக்கிறவனுக்குத் திரையிலே ஓரளவு பாடம் ஏறும். நர்சுக்கோ கையும் படிக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். ஓய்வாயிருக்கும் பெரியவருக்கு 60 முதல் 100 வரை என்று புத்தகம் சொல்லும். துடிப்பு தளர்கிறதா என்பதை விரல்தான் சொல்லும். போதாததற்கு, தம்பிக்கும் அதே போனில் வகுப்பு!

அவள் தேறியது என் புத்திமதியாலல்ல. தன் ஆசிரியையிடம் பயத்தை மறைக்காமல் சொன்னாள். வீட்டையே வார்டாக்கு என்றாராம் அவர். படுக்கையிலிருந்த பாட்டியை ஒருபுறம் சாய்த்து விரிப்பை மாற்றப் பழகினாள். தோப்பிலிருந்து திரும்பும் அப்பா, திண்ணையில் சற்று இளைப்பாறியபின் கையை நீட்டுவார். இரவில் தோழிகள் இருவரோடு போனில் பேச்சு. பாதி பாடம், பாதி அழுகையும் சிரிப்பும். அந்தப் பாதியும் மருந்துதான் என்பேன்.

எல்லாருக்கும் இது போதாது. நாட்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை 2022 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. செபமாலை சொன்னால் சரியாகிவிடுமென்று என்னிடம் மட்டும் அனுப்பிவைக்காதீர்கள்.

அந்தப் பெண் இன்று ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் பங்கு இல்லத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வழக்கம்போல் நான் பேசிக்கொண்டேயிருந்தேன்.

"சும்மா இருங்கள் சாமி, எண்ணிக்கை தப்புகிறது" என்றாள்.