ஜன்னலே மறைவிடம்



காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் போனால் மாந்தோப்பு. பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் போனால் புளியமரம். நம் தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுப் பின்னால் ஒரு முருங்கையாவது நிற்கும். முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலை பழுத்தால் குயிலும் சின்னானும் வரும். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற ஈரத்தில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கிச் சருகைக் கிளறும். மின்கம்பியில் கரிச்சான் பூச்சிக்காகக் காத்திருக்கும். இத்தனையும் புழக்கடைக் கதவுக்கும் வேலிக்கும் நடுவே தினமும் நடக்கிறது.

நடமாட்டம் குறைந்து, நாளின் பெரும்பகுதியை வீட்டிலேயே கழிக்கிற ஒருவர், இந்தப் பறவைகளை இருந்த இடத்திலிருந்தே படம் பிடிப்பது பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். நானும் சக்கர நாற்காலியில் இருப்பவன்தான். பொழுது போகட்டுமே என்று இதைச் சொல்லவில்லை. இது முறையாகக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை, ஊருக்கும் பயன்படுகிற வேலை என்பதால் சொல்கிறேன்.

காட்டுக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பவர்கள் முதலில் ஒரு மறைவிடம் அமைப்பார்கள். துணிக் கூடாரமோ தட்டியோ கட்டி, உள்ளே அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பறவையை விரட்டுவது பெரும்பாலும் நம் அசைவுதான். நிமிர்ந்து நடந்து வருகிற மனித உருவத்தைக் கண்டால் பறந்துவிடும். அதே ஜன்னலில், அதே நேரத்தில், அமைதியாக ஒருவர் தினமும் உட்கார்ந்திருந்தால், சில வாரங்களில் அவரையும் அந்த இடத்தில் ஒரு பொருளாகப் பறவைகள் ஏற்றுக்கொள்ளும். காசு கொடுத்து மறைவிடம் தேடிப் போகிறவர்களுக்குக் கிடைக்கிற வாய்ப்பு, நம் வீட்டு ஜன்னலிலேயே இருக்கிறது.

நம் மாவட்டத்தின் துயரம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவைத் தாண்டிய தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை படியும். பாதிப்பு முற்றினால் முதுகெலும்பும் கழுத்தும் முழங்காலும் விறைத்துப்போகும். இதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் முன்பே விறைத்துப்போன எலும்பு, நல்ல தண்ணீர் வந்ததும் பழையபடி ஆகிவிடுவதில்லை. கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள், குனிய முடியாதவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர் பறவையைத் தேடி அண்ணாந்தோ குனிந்தோ பார்க்க வேண்டாம். பறவையை அவர் கண்ணுக்கு நேரே வரவழைக்கலாம். ஜன்னலிலிருந்து 12 முதல் 15 அடி தூரத்தில், உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு ஒரு மேடை அமையுங்கள். செங்கல்லை அடுக்கி மேலே ஒரு பலகை வைத்தால் போதும், இல்லையென்றால் உயரமான பழைய ஸ்டூல். அதன் மேல் அகலமான மண்தட்டு. தண்ணீர் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றை வையுங்கள், சின்னப் பறவைக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். கொசு பெருகாதிருக்கத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையை நட்டுவையுங்கள். பறவை நேராகத் தண்ணீரில் இறங்காது. முதலில் கிளையில் உட்காரும், சுற்றும் முற்றும் பார்க்கும், பிறகுதான் இறங்கும். அது அப்படிப் பார்க்கிற நொடிதான் நமக்குப் படம். கேமராவை முன்கூட்டியே அந்தக் கிளைக்குக் குறிவைத்து வைத்துவிட்டால் கையை அடிக்கடி அசைக்க வேண்டியதில்லை.

கேமராவைத் தூக்கிப் பிடிக்கக் கையில் வலுவில்லையா? ஒரு துணிப்பையில் முக்கால் பங்கு கேழ்வரகோ நெல்லோ நிரப்பித் தைத்து ஜன்னல் கட்டையில் வையுங்கள். லென்ஸ் அதில் பதிந்து நிற்கும். கேமரா வரை கை நீட்டி அழுத்த முடியாதவர்களுக்குத் தூரத்திலிருந்து இயக்குகிற புளூடூத் பொத்தான் உண்டு. குரல் கொடுத்தாலே படம் எடுக்கிற வசதி பல கைபேசிகளில் இருக்கிறது. பறவைக்கு நம் கை அசைவது தெரியாமலிருக்கப் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, லென்ஸ் நுழைகிற அளவுக்கு இடைவெளி விடுங்கள். அறைக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள். காலை வெயில் சாய்வாக விழுகிற ஒன்பது மணிக்குள் எடுக்கிற படங்கள் தெளிவாக வரும். உச்சிவெயிலில் எடுத்தால் நிறம் வெளுத்துவிடும். பறவை துறுதுறுவென்று இருந்தால் ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கட்டும்.

விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். இந்தியக் காட்டுயிர் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே இணைத்துச் செய்த கேமராவில், கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். உயிர்களைப் பொறுமையாகப் பார்த்துப் பழகிய கண்தான் அவருடைய பெரிய கருவி.

இனி ஒரு பறவையைக் கிட்டத்தில் பார்ப்போம். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. ஆண்பறவையின் உச்சந்தலை நிழலில் வெறும் கறுப்பாகத் தெரியும். தலையை லேசாகத் திருப்பி வெயில் சரியான கோணத்தில் விழுந்தால் பச்சை பளீரென்று மின்னும். மறுபடி திரும்பினால் கறுப்புதான். அந்தப் பச்சை சாயத்தால் வந்ததல்ல, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது. எத்தனை மணிக்கு, எந்தக் கிளையில் அது உட்கார்ந்தால் பச்சை மின்னும் என்பது அந்த ஜன்னலில் நாள்தோறும் உட்காருகிறவருக்குத்தான் தெரியும். கூடு கட்டுவது பெண்பறவை. ஜன்னல் மூலையில் இருக்கிற சிலந்தி வலையை அலகால் இழுத்து இழுத்துச் சேர்க்கும். நாரையும் மரப்பட்டைத் துணுக்கையும் அதில் ஒட்டும். உள்ளே மெத்தைக்கு எருக்கம் பஞ்சு. வீட்டு முகப்பில் தொங்குகிற கொடியில்கூடக் கட்டும். ஒட்டடை அடிக்கிறவர்கள் அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவைத்தால் போதும், தேன்சிட்டுக்கு நாம் கொடுத்த வீட்டுமனை அது.

கூட்டை எங்கே கட்டினாலும் கிட்டே போகக் கூடாது. படம் நன்றாக விழட்டும் என்று மறைக்கிற இலையைக் கிள்ளினால், காக்கைக்கு நாமே வழிகாட்டியதாகும். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் தவறு. எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது அலைக்கழியும். கிளியையும் மைனாவையும் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எடுத்த படங்களை என்ன செய்வது? ஒவ்வொரு படத்திலும் தேதியும் நேரமும் தானாகவே பதிவாகின்றன. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த படங்கள், எந்த மாதம் எந்தப் பறவை வந்தது, எது வராமல் போனது என்பதற்குச் சான்று. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வருகிற ஆறுமணிக்குருவி, உங்கள் வேலியோரம் முதலில் இறங்கிய நாளை நீங்கள் குறித்துவைக்கலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. புழக்கடைப் பறவைகளுக்கான உலகக் கணக்கெடுப்பு 1998-இல் அமெரிக்காவில் தொடங்கியது. பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கிற அதில் 2013 முதல் இந்தியாவும் பங்கேற்கிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, பார்த்ததை எண்ணி இ-பேர்டு இணையதளத்தில் பதிவிட்டால் போதும். படத்தையும் சேர்க்கலாம். பெயர் தெரியாத பறவைக்கு, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி கிரியா வெளியிட்ட தமிழ்க் கையேடு துணை நிற்கும்.

பறவை நம் மனத்தையும் தேற்றும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாம் புளூம் என்ற பெண்மணி 2013-இல் தாய்லாந்துப் பயணத்தின்போது, மாடித் தடுப்பு முறிந்து விழுந்து மார்புக்குக் கீழே உணர்விழந்தார். வீடு திரும்பி மனம் சோர்ந்திருந்த நாட்களில், அடிபட்ட மேக்பை பறவைக் குஞ்சு ஒன்று அந்த வீட்டுக்கு வந்துசேர்ந்தது. வீடே அதை வளர்த்தது. அவருடைய கணவர் கேமரான் ஒளிப்படக் கலைஞர். மனைவியையும் பறவையையும் அவர் எடுத்த படங்கள் 2016-இல் புத்தகமாயின, பிறகு திரைப்படமும் வந்தது. அந்தக் குஞ்சைக் கவனிக்கும் பொறுப்பு தன்னிடம் வந்ததும் சாமுக்குக் காலையில் எழ ஒரு காரணம் கிடைத்தது. பிள்ளைகளே, வீட்டாரே, உங்கள் வீட்டில் இருப்பவருக்கும் அப்படி ஒரு பொறுப்பைக் கொடுங்கள். தண்ணீர்த் தட்டை நிரப்புவது உங்கள் வேலை, பார்ப்பதும் படமெடுப்பதும் அவர் வேலை.

வீட்டிலிருந்தே இவ்வளவு முடிகிறதே, வெளியே வருவானேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். பொது இடங்கள் அவர்களுக்குத் தடையற்றவையாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அமெரிக்காவில் சக்கர நாற்காலியில் பறவை பார்க்கிற வர்ஜீனியா ரோஸ் தொடங்கிய பேர்டபிலிட்டி அமைப்பு, எந்தப் பூங்காவில் சரிவுப்பாதை உண்டு, எங்கே கழிப்பறை உண்டு என்று மக்களைக் கொண்டே பட்டியல் தயாரிக்கிறது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் காவிரிக் கரையில், ஒகேனக்கல்லில், நம் ஏரிக்கரைகளில் சக்கர நாற்காலி போகிற பாதையும், அதிலிருந்து பார்க்கிறவர் பார்வையை மறைக்காத உயரத்தில் தடுப்புக் கம்பியும் வேண்டும். இதை ஊராட்சியில் கேளுங்கள், கிராமசபையில் கேளுங்கள்.

வருகிற பொங்கலுக்குப் புழக்கடை ஜன்னலிலிருந்து ஒரு கணக்கு போகட்டும், அதில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கட்டும். அடுத்த பொங்கலுக்குள் உங்கள் ஏரிக்கரைக்கு ஒரு சரிவுப்பாதை வரட்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம், சேர்த்தே செய்வோம்.