வயசுக் கோளாறு என்று கண்ணை விட்டுவிடாதீர்கள்

(தோட்டக் கமிட்டியின் மாதர் பிரிவுக் கூட்டத்தில், கண் கிளினிக்கில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)



நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். என் அம்மா கொழுந்தெடுத்து எங்களைப் படிக்க வைத்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது கூடையில் முற்றல் இலை கலக்கத் தொடங்கியது. நிறுவையில் ஏச்சு விழுந்தது. கிலோ குறைந்து சில நாள் அரைப் பேர்தான் கிடைத்தது. "கிழவிக்குக் கை தளர்ந்துபோச்சு" என்றார்கள். அம்மாவும் "வயசாச்சு, என்ன செய்ய" என்று பேசாமல் இருந்துவிட்டார்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்துப் பொறுக்கினார். "ஏன்மா அப்படிப் பார்க்கிறீங்க?" என்று கேட்டேன். "நேரே பார்த்தா நடுவுல கறுப்பா ஒண்ணு மறைக்குது" என்றார். கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பல வருசமாகச் சீனி வியாதி இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. இடது கண்ணை லேசர் சிகிச்சையால் காப்பாற்றினார்கள். தளர்ந்தது கையல்ல, கண்தான். அதுவும் வயசால் அல்ல.

அதனால்தான் இன்று விழித்திரையைப் பற்றிப் பேச வந்தேன். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் அது. அதன் தடிப்பு கால் மில்லிமீற்றர் அளவுதான். வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்புவது அதன் வேலை. அதில் இரண்டு வகைக் கலங்கள் உண்டு. கூம்புகள் பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும். கோல்கள் மங்கல் வெளிச்சத்தில் வழி காட்டும்.

வயதாகும்போது எல்லோருக்கும் சில மாற்றங்கள் வரும். கண்மணி சுருங்கும், வில்லை மஞ்சளாகும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. கோல்களும் கூம்புகளைவிட வேகமாகக் குறைகின்றன. வெயிலில் இருந்து இருட்டு அறைக்குள் வந்தால் கண் பழகுவதற்கு முன்னைவிட அதிக நேரம் எடுக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்கள் படியில் தடுக்கி விழுவதும் கானில் கால் வைப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

இது நோயல்ல. ஆனாலும் விழுந்தால் இடுப்பு முறியும். ஆகவே வெளியில் இருந்து வந்தால் வாசலில் கொஞ்சம் நின்று உள்ளே போங்கள். படி விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். இரவில் வெளியே போக டோர்ச் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் எழுத்து தெரியாதது வெள்ளெழுத்து. அதற்குக் கண்ணாடி போதும்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இவை வயசுக் கோளாறு அல்ல.

முதலாவது, சீனி வியாதி. அது விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். தொடக்கத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. பார்வை மங்கும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். சீனி இருக்கிறவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருசத்துக்கு ஒரு முறை கண்ணுக்கு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை கலங்கும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிரஷரையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள்.

இரண்டாவது, நடுப்பார்வை கெடுவது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். நேரான கம்பி வளைந்து தெரிந்தால், நடுவில் கறுப்பு நின்றால், தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். பீடி, சிகரட் புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்து கூட.

மூன்றாவது, கண்ணுக்குள் திடீரென மின்னல் வெட்டுவது, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது, ஓரத்தில் திரை இழுத்தாற்போல் மறைப்பது. விழித்திரை கிழியும்போதும் சுவரில் இருந்து கழரும்போதும் இப்படித்தான் தெரியும். இதற்கு வலி இருக்காது. அதற்காக அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பலர் என்னிடம் கேட்பார்கள்: "கண்தானம் செய்கிறார்களே, புதுக் கண் வைக்க முடியாதா?" 1961ல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தால் நம் நாட்டிலும் வெளிநாடுகளிலும் எத்தனையோ பேர் பார்வை பெற்றிருக்கிறார்கள். ஆனால் அங்கே மாற்றிப் பொருத்துவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழிப் படலத்தை. வெள்ளை படர்ந்தால் ஒப்பரேசன் செய்து புது வில்லை வைக்கலாம். விழித்திரையை அப்படி மாற்ற முடியாது. லேசரும் ஊசியும் இருப்பதைக் காப்பாற்றத்தான். செத்த கலம் திரும்பி வராது. ஆகவே முந்திப் போகிறவருக்குத்தான் பார்வை மிஞ்சும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் காசு இல்லை. ஆனால் நமக்குக் கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும். அதனால்தான் நம்மவர்கள் பிந்திப் போகிறார்கள். இது சோம்பல் அல்ல, சம்பளக் கணக்கு. ஆகவே சங்கத்திடம் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். நாற்பது தாண்டிய எல்லோருக்கும் வருசம் ஒரு முறை தோட்டத்திலேயே சீனியும் கண்ணும் பார்க்க ஏற்பாடு வேண்டும். கண் கிளினிக்குக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் வேண்டும். நிர்வாகத்துடன் பேசும்போது இவற்றையும் பட்டியலில் சேருங்கள். பெரட்டுக்குப் போகும் பாதைக்கு விளக்குக் கேட்பதையும் மறக்காதீர்கள்.

தலைவிமார்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வயதான ஒருவரின் கூடையில் முற்றல் இலை கிடந்தால், ஏச்சு விழுமுன் அவர் பக்கத்தில் போய், "அக்கா, கண் சரியாகத் தெரியுதா?" என்று கேளுங்கள். என் அம்மாவிடம் அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை.