வெறும் வயிற்றில் ஒரு வலி மாத்திரை

அட்டன், நுவரெலியாப் பக்கம் இந்நேரம் பிரட்டு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்பு, கலைந்து, கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையேறத் தொடங்கியிருப்பார்கள். கூடைக் கயிறு நெற்றியில் அழுந்த அழுந்த, கழுத்தும் முதுகும் கடுக்கும். மாலையில் ஒரு வலி மாத்திரை, வெறும் தேத்தண்ணியோடு.

அந்த மாத்திரை என்ன செய்கிறது? நம் உடம்பில் சைக்ளோஒக்சிஜனேஸ் என்றொரு நொதியம் உண்டு. அதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, அழற்சி வந்த இடத்தில் பெருகி, வலியையும் வீக்கத்தையும் கூட்டும். மற்றது எந்நேரமும் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கும். டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் இந்த இரண்டு வகைகளையுமே தடுத்துவிடுகின்றன. வலி போகும், வயிற்றின் காவலும் போகும். இன்னொரு வலி மாத்திரையான அஸ்பிரினும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது என்று 1971இல் காட்டியவர் ஜோன் வேன். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அக்காமாரே, அம்மாமாரே, வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகே போடுங்கள், நாள்தோறும் போடாதீர்கள். மலம் தார்போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பிலிருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சலா? டெங்குவாக இருக்கலாம், அப்போது இந்த வலி மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.