எனக்கா, என்னிடமா? கிளாரினெட் கலைஞரின் பையும் தமிழின் உடைமைச் சொற்களும்



உடைமையைச் சொல்ல ஆங்கிலத்துக்கு ஒரே வினைச்சொல் போதும். தம்பியானாலும் தலைவலியானாலும் குடையானாலும் 'ஹேவ்' என்று முடித்துவிடலாம். தமிழ் அவ்வாறு முடிப்பதில்லை. 'எனக்குத் தம்பி இருக்கிறான்', 'என்னிடம் குடை இருக்கிறது', 'அவர் கடை வைத்திருக்கிறார்' என மூன்று வழிகளில் பிரித்துச் சொல்கிறது. மாணவர் கட்டுரைகளில் 'நான் இரண்டு தம்பிகளை வைத்திருக்கிறேன்' போன்ற தொடர்களை இப்போது காண்கிறோம். மனிதரைச் செயப்படுபொருளாக்கி 'வைத்திருக்கிறேன்' என்றால் என்ன பொருள்படும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள், விளக்க வேண்டியதில்லை.

இவ்வேறுபாட்டை விளக்க, கிளாரினெட் வாசிப்பவரின் பையை இன்று திறந்து பார்ப்போம். ஒரு தொழிலின் பொருட்டு இத்தனை பொருள்களைச் சேர்ப்பவர் சிலரே. அப்பொருள்கள் அனைத்தும் ஒரே வகையில் அவருக்கு உரியன அல்ல.

முதலில், ஒருவருக்கு ஒரு கிளாரினெட் ஏன் போதவில்லை? ஏறத்தாழ 1700இல் செருமனியின் நியூரம்பர்க்கில் யோகான் கிறிஸ்டோப் டென்னர் இக்கருவியை உருவாக்கினார் என்பர். பின்னர் வெவ்வேறு சுருதிகளுக்கு வெவ்வேறு நீளத்தில் இது செய்யப்பட்டது. பிராம்ஸ் 1891இல் எழுதிய கிளாரினெட் ஐவரிசை 'ஏ' சுருதிக் கருவிக்கு உரியது. அவரே 1894இல் எழுதிய இரு சொனாட்டாக்கள் 'பி பிளாட்' கருவிக்கு உரியவை. இரண்டையும் வாசிக்க விரும்புபவர் இரு கருவிகளை வாங்கியே ஆகவேண்டும். மோட்சார்ட் தம் இறுதி ஆண்டான 1791இல் அன்டன் ஸ்டாட்லருக்காக எழுதிய கான்செர்ட்டோ, இன்னும் கீழே இறங்கும் பாசெட் கிளாரினெட்டை எண்ணி எழுதப்பட்டது. அதையும் முதல் வடிவில் வாசிக்க விரும்பினால் மூன்றாவது கருவி வந்துவிடும். இதுவரை வந்தவற்றைப் பேராசை என்று சொல்ல முடியாது, இசைதான் கேட்கிறது.

துணைப்பொருள்களின் கதை வேறு. கிளாரினெட்டின் ஒற்றை நாணல் தகட்டை நாம் இங்குச் சீவாளி என்றே வழங்குவோம். நாதசுவரக்காரர் தந்த சொல் இருக்க 'ரீடு' எதற்கு? இது பெரும்பாலும் தென்பிரான்சின் வார் பகுதி நாணலிலிருந்து சீவப்படுகிறது. பத்துச் சீவாளி கொண்ட பெட்டியை வாங்கினால் பத்தும் ஒரே தன்மையில் ஒலிப்பதில்லை. விளைந்த பொருள் அப்படித்தான் இருக்கும். ஆகவே நல்லதைத் தேடி மேலும் ஒரு பெட்டி வாங்கப்படுகிறது. பேரல் எனும் கழுத்துத்துண்டிலும் சில மில்லிமீட்டர் வேறுபாட்டுடன் இரண்டு மூன்று வேண்டியிருக்கும். நம் நாட்டு வெப்பத்தில் சுருதி ஏறும். குளிரூட்டிய அரங்கில் இறங்கும். சீவாளியை இறுக்கும் பட்டை தோலிலும் உண்டு, உலோகத்திலும் உண்டு. ஊதுவாயை மாற்றினால் ஒலி மாறுகிறது என்பதில் ஐயமில்லை. பட்டையை மாற்றினால் மாறுமா என்பதில் கலைஞர்களே ஒருமனப்படுவதில்லை. கடைக்காரர் வாழ்வது அந்த ஐயத்தில்தான்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என நம் இலக்கண நூலார் இரண்டாகப் பிரித்தனர். கண்ணனின் கை தற்கிழமை, பிரிக்க இயலாது. கண்ணனின் குடை பிறிதின்கிழமை. நாளை அது வேறொருவருடையதாகலாம். நன்னூலார் தற்கிழமையை விரிக்கும்போது 'ஒன்றன் கூட்டம்', 'பலவின் ஈட்டம்' என்னும் இரண்டையும் அதனுள் அடக்குகிறார். நெற்குவியல் முன்னது, பல உறுப்புகள் திரண்ட படை பின்னது. அவ்வகையில் சீவாளிப் பெட்டி ஒன்றன் கூட்டம்; கலைஞரின் பை பலவின் ஈட்டம். இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. ஈட்டத்துக்குத் தற்கிழமை உறவு ஈட்டப்பட்ட பொருள்களோடுதான், ஈட்டியவரோடு அன்று. ஏழு கிளாரினெட்டுகளின் தொகுதி அந்த ஏழுக்கும் உரியது. சேர்த்தவருக்கோ அது வெறும் பிறிதின்கிழமை.

ஆனால் ஊதுவாயைப் பாருங்கள். பி பிளாட் கருவியிலிருந்து ஏ கருவிக்கு மாறும் வாத்தியக்குழுக் கலைஞர் பலர், ஊதுவாயைச் சீவாளியோடு கழற்றி அடுத்த கருவியில் பொருத்திக்கொள்கின்றனர். மரக்குழல் மாறுகிறது, பல்லும் உதடும் பழகிய இடம் மாறுவதில்லை. இலக்கணப்படி அதுவும் பிறிதின்கிழமையே. வாசிப்பவரின் வாயோ அதனைத் தன் உறுப்பாகவே கொள்கிறது. இலக்கணம் இட்ட கோடு இவ்விடத்தில் சற்று நெகிழ்வதாக நாம் கருதுகிறோம்.

தமிழகத்துக்கும் இக்கருவி புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே சதிராட்டத்தின் பக்க இசையில் முகவீணை இருந்த இடத்தைக் கிளாரினெட் பிடித்துக்கொண்டது. பின்னாளில் ஏ.கே.சி. நடராசன் அதனைக் கருநாடக இசைக் கச்சேரியின் முதன்மைக் கருவியாகவே உயர்த்தினார். கருவி வந்தது, அதன் உறுப்புகளுக்குரிய தமிழ்ப்பெயர்கள் பரவலாக வரவில்லை. நாதசுவரத்திலோ உலவு, அணைசு, கெண்டை, சீவாளி என ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியும் கயிற்றில் கட்டிக் கருவியிலேயே தொங்கும். நாதசுவரக்காரரின் சேர்ப்பு அவையோர் கண்முன் ஆடிக்கொண்டிருக்கும்; ஒரு கயிற்றில் தொங்கும் அளவைத் தாண்டுவதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கும் மாணவர் வகுப்பில் ஒருவரேனும் இருக்கக்கூடும். அவர் பையிலுள்ளவற்றை மூன்று தொடர்களில் எழுதச் சொல்லுங்கள். பள்ளி இரவல் தந்த கருவியை 'என்னிடம் இருக்கிறது' என்பார். 'எனக்குச் சொந்தமாக உண்டு' என்று எழுத முடியாது. தேய்ந்தும் எறிய மனமின்றி டப்பாவில் கிடக்கும் சீவாளிகளை 'வைத்திருக்கிறேன்' என்பார். ஊதுவாய்க்கு வரும்போது பேனா சற்றுத் தயங்கக்கூடும். பள்ளிப்படிப்பு முடியும் நாளில் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஊதுவாயைத் தம் பணத்தில் வாங்கிய மாணவர் அதைக் கழற்றிக்கொண்டுதான் கொடுப்பார்.