மனப்பாடமும் மறுமொழியும்



ஆங்கில வாசகங்களைப் பாடமாக்கிக்கொண்டு வெளிநாட்டாரோடு கதைக்கும் கலை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? இதை எடைபோடத் தம்புள்ளைக் குகைக் கோயிலின் படிக்கட்டை விட நல்ல இடம் கிடைக்காது. அங்கே மரச் சிற்பமும் முகமூடியும் விற்கிறவர்கள், கீழே வீதியில் ஓட்டோக்காரர்கள், சிகிரியாவுக்கும் மின்னேரியாவுக்கும் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இந்த வித்தையின் பழைய மாணவர்கள்.

"ஹலோ சேர், வேர் ஆர் யூ ஃப்ரொம்?" என்று அவர்கள் கேட்கும்போது சொல் மட்டுமல்ல, ராகமும் சரியாக இருக்கும். ஏட்டில் படித்தால் இந்த ராகம் வராது. நம் பள்ளிக்கூடங்களில் மூன்றாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம். ஆனால் சாதாரண தரப் பரீட்சை தாளில் எழுதுவதற்குத்தானே புள்ளி போடுகிறது. அதில் நல்ல பெறுபேறு வாங்கிய பிள்ளையும் ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்டால் வாயடைத்து நிற்கிறது. இலக்கணத்தைத் தேடி, காலத்தைத் தேடி, வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

1983இல் பாவ்லி, சைடர் என்ற இரு மொழியியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தாய்மொழிக்காரர் பேசும்போது ஒவ்வொரு சொல்லாகக் கோப்பதில்லை; முழுசாக நினைவில் கிடக்கும் சொற்றொடர்களை எடுத்துப் போட்டுக்கொண்டே போகிறார், சரளம் அதிலிருந்துதான் வருகிறது என்றார்கள். அப்படிப் பார்த்தால் படிக்கட்டு வியாபாரிகள் பிடித்த வழி சரியான வழிதான்.

கோளாறு மறுமொழியில் தொடங்குகிறது. கடைக்கு வந்த ஆங்கிலேயர், "வீ ஆர் ஜஸ்ட் ஹேவிங் எ லுக், தேங்ஸ்" என்கிறார். வாங்கப் போவதில்லை, விடுங்கள் என்பதைத்தான் அவர் இவ்வளவு நயமாகச் சொல்கிறார். நம்மவர் காதில் 'லுக்' மட்டும் விழ, இன்னும் நாலு முகமூடியை இறக்கி வைக்கிறார். கேட்பதற்கு வாசகம் பாடமாயிருக்கிறது; பதிலைப் பிடிக்கக் காது பழகவில்லை. அதே போல "யூ ஆல்ரைட்?" என்று ஓர் ஆங்கிலேயர் கேட்டால் நமக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று பதற வேண்டாம், அது வெறும் வணக்கம். "நொட் பேட்" என்று அவர் சாப்பாட்டைச் சொன்னால் சமையற்காரர் சந்தோஷப்படலாம்.

கடைகளில் கிடைக்கும் ஆங்கிலப் பேச்சுக் கைநூல்கள் இங்கே உதவுவதில்லை. பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்ற பழைய மரபுத்தொடரை அவை இன்னும் விடவில்லை. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தம்புள்ளைக்கு வருகிறவர்களில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரு பகுதிதான். ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் ரஷ்யரும் சீனரும் வருகிறார்கள். இந்தியரைச் சொல்லவே வேண்டாம். பூனை நாய் மழை அவர்களில் பலருக்குப் புரியாது. ஆகவே என் கட்சி இது: காதுக்கு ஒரு பட்டியல், நாவுக்கு ஒரு பட்டியல். ஆங்கிலேயர் பேசுகிற சுருக்கங்களையும் சுற்றுவழிகளையும் விளங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பேசும்போது எளியதைப் பேசுங்கள்.

அந்த எளியதிலும் பணிவு வேண்டும். தமிழில் 'கழற்றுங்கள்' என்றாலே போதும், மரியாதை வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. 'ரிமூவ் யுவர் ஷூஸ்' என்று நாம் மரியாதையாக நினைத்துச் சொன்னாலும் கேட்பவருக்கு அது அதட்டல். 'வுட் யூ மைண்ட்' என்றோ 'குட் யூ ப்ளீஸ்' என்றோ முன்னால் ஒரு தொடர் சேர்க்க வேண்டும். ஐந்து குகைகளிலும் 150க்கும் மேற்பட்ட சிலைகள் இருக்கிற கோயிலில் இது சின்ன விஷயமல்ல. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது இங்கே அவமரியாதை என்பது வருகிறவருக்குத் தெரியாது. 2012இல் சிலைகளோடு முறைகேடாகப் படம் எடுத்த மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. அப்படி ஒருவர் சிலைப்பக்கம் முதுகைத் திருப்பும்போதே, "ஐம் அஃப்ரெய்ட் இட்ஸ் நொட் அலவ்ட் ஹியர்" என்று வழிகாட்டி மெல்லச் சொல்லிவிட்டால் வந்தவருக்கும் சங்கடமில்லை, கோயிலுக்கும் குறையில்லை.

உச்சரிப்பைப் பற்றிப் பலர் வெட்கப்படுகிறார்கள். தேவையில்லை. 2009இல் அரசாங்கமே நம் பாணியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மைக்கேல் மெய்லர் இலங்கை ஆங்கிலத்துக்கு ஓர் அகராதி வெளியிட்டிருந்தார். 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று விடைபெற்றால் லண்டன்காரர் ஒரு கணம் விழிப்பார், பிறகு சிரித்துக்கொண்டு கையசைப்பார். அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

முதலில் பாடமாக்க வேண்டியது எதுவென்று கேட்டால், "சொரி, குட் யூ சே தட் எகெய்ன்?" என்பேன். விளங்காததை விளங்கியதுபோல் தலையாட்டுவது நம்மிடம் உள்ள பெரிய பழக்கம். இந்த ஒரு தொடர் அதை நிறுத்தும், மற்றவரை மெதுவாகவும் பேச வைக்கும்.

காதைப் பழக்க வகுப்புக் கட்டணம் வேண்டாம். 2001 மார்ச்சில் இங்கிலாந்து வந்து ஆடியதிலிருந்து தம்புள்ளை ரங்கிரி மைதானத்தில் சர்வதேச ஒருநாள் ஆட்டங்கள் நடக்கின்றன. ஆங்கில வர்ணனை வீட்டுக்கே வருகிறது. பந்து ஓடும்போது வர்ணனையாளர் பேசுவது கிரிக்கெட் பாஷை, அதை விடுங்கள். மழைக்காக ஆட்டம் நின்றதும் வானத்தைப் பற்றி, மதியச் சாப்பாட்டைப் பற்றி, பழைய கதைகளைப் பற்றி ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு கதைக்கத் தொடங்குவார்கள். அந்த நேரம் தேநீர் ஊற்ற எழுந்து போகாமல், காதைக் கொடுத்துக்கொண்டு இருங்கள்.