முதலில் ஷூ, கடைசியில் வீல்



2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹே நகரில் உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் நடந்தது. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் அங்கே 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். இந்த விளையாட்டில் சீனியர் உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர் அவர்தான். அதே போட்டியில் 500 மீட்டரில் ஒரு வெண்கலம், 42 கிலோமீட்டர் மாரத்தானில் இன்னொரு தங்கம். அதற்குப் பிறகு கோவை மதுக்கரை மார்க்கெட் பக்கம் பிள்ளையோடு வருகிற பெற்றோர் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "ஏனுங்க, அந்தத் தம்பி போட்டிருக்கிற வீல் எந்தக் கம்பெனிங்க?"

கேட்கக் கூடாத கேள்வி இல்லை. ஆனால் கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறார்கள். கடைக்காரருக்கும் அதுதான் வசதி. வீல் பளபளவென்று கலர் கலராக இருக்கும், கையில் எடுத்துச் சுழற்றிக் காட்டலாம், விற்றுவிடும். ஷூவை அப்படிச் சுழற்றிக் காட்ட முடியாதே!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் மீட்டரை 85 விநாடிக்குள் முடிப்பதென்றால், நின்ற இடத்திலிருந்து கிளம்பியதையும் சேர்த்து, சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். உக்கடத்திலிருந்து வருகிற டவுன் பஸ் இந்த வேகத்தில் ஒரு வளைவைத் திரும்பினால் உள்ளே இருக்கிற நாம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வோம். ஸ்கேட்டருக்குப் பிடிக்கக் கம்பி இல்லை. 200 மீட்டர் டிராக்கில் வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவரைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசை ஏறக்குறைய அவருடைய எடை அளவுக்கே வந்துவிடுகிறது. விழாமல் இருக்க உடம்பு 45 டிகிரி சாய வேண்டும். அந்தச் சாய்வில் காலில் இறங்கும் பாரம் எடையைப் போல 1.4 மடங்கு. வளைவில் ஒரு காலை எடுத்து மறு காலுக்குக் குறுக்கே வைத்துத்தான் ஓட முடியும் என்பதால், பெரும்பாலான நேரம் அத்தனை பாரமும் ஒரே காலில்தான். ஒரு பாதம், அதன் கீழே வரிசையாக மூன்றோ நான்கோ சக்கரம், ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது விரல் நுனி அகலத்துக்கு.

ஷூவுக்குள் பாதம் கொஞ்சம் ஆடினாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம். நேர்கோட்டில் ஓடும்போது தெரியாது. வளைவில் சாயும்போது முதலில் கால் சாயும், அதற்குப் பிறகுதான் ஷூ சாயும். அந்த இடைவெளியில் பிள்ளை பயந்து நிமிர்ந்துவிடும். கோச் ஓரத்தில் நின்று "சாயி, சாயி" என்று தொண்டை வறளக் கத்துவார். பயம் பிள்ளையிடம் இல்லை, ஷூவில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாயார் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். புது ஷூ. கார்பன் அடிப்பாகம், விலை பல ஆயிரம். "ரெண்டு சைஸ் பெருசாவே எடுத்துட்டமுங்க. வளர்ற பையன், அடுத்த வருசமும் ஆகோணுமில்லீங்க?" என்றார். பள்ளிக்கூடச் செருப்புக்கு அது நல்ல புத்தி. பையனை ஷூவோடு நிற்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். குதிகால் உள்ளே மேலும் கீழும் போய் வருகிறது. மூன்று சாக்ஸ் போட்டிருந்தான். சாக்ஸைக் கழற்றினால் கணுக்கால் எலும்பு இரண்டு பக்கமும் சிவந்து கிடக்கிறது. ஷூ கடிக்கிறது என்றால் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். பல நேரம் அது பெரிதாக இருந்து, கால் உள்ளே உரசிக் கடித்திருக்கும்.

அளவு எடுப்பதற்கு ஒரு முறை சொல்கிறேன், பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் எடுக்காதீர்கள், சாயங்காலம் எடுங்கள். நடந்து நடந்து பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும். சுவரோடு குதிகாலை ஒட்டி, வெள்ளைத்தாள் மேல் நிற்க வையுங்கள். உட்கார்ந்து எடுத்தால் அளவு குறைந்துவிடும். நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலும் ஒன்றுபோல இருக்காது. பெரிய கால் எதுவோ அதுதான் கணக்கு. வளரும் பிள்ளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் விட வேண்டாம். நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் லேசாகத் தட்ட வேண்டும்; முழங்காலை மடக்கி ஓடும் நிலைக்கு வந்தால் விரல் பின்வாங்கி, குதிகால் உட்கார வேண்டிய குழியில் போய் உட்கார வேண்டும். சாக்ஸ் மெல்லியதாக ஒன்று போதும். கார்பன் ஷூக்களில் பலவற்றைச் சூடாக்கிக் காலுக்கு ஏற்றபடி பிடித்துவிடலாம். எத்தனை டிகிரி என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கும். அதற்கு மேல் போனால் ஒட்டுப் பசை விட்டுப்போகும்.

பழைய ஷூ வாங்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வாங்கலாம். பொருந்தாத புதுசை விடப் பொருந்துகிற பழசு மேல். ஒன்று மட்டும் பாருங்கள். சக்கரங்களைத் தாங்கும் பிரேம் ஷூவோடு சேரும் இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் சிறிய, பழைய ஷூக்களில் 165 மில்லிமீட்டர் இருக்கும், இப்போதைய பெரிய ஷூக்களில் 195. ஷூ ஒருவரிடமும் பிரேம் இன்னொருவரிடமும் வாங்கிக்கொண்டு வந்து, துளை சேராமல் முழிப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இப்போதுதான் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்கேட்ஸ் போதும். பிரேக் போடத் தெரியட்டும், விழுந்து எழத் தெரியட்டும். ஹெல்மெட் மட்டும் முதல் நாளே வேண்டும், அதில் பேரமே கிடையாது.

அடுத்தது பிரேமை எங்கே பொருத்துவது. ஷூவின் அடியில் பிரேம் சேரும் இடத்தில் போல்ட் துளை வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் நீள வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரேமை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் நகர்த்திக்கொள்ளத்தான் அந்த வெட்டு. கடையில் நடுவில் வைத்து முடுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவரும் கடைசிவரை அதைத் தொடுவதில்லை.

பிரேமின் கோடு முன்னால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, பின்னால் குதிகாலின் மத்தியில் போனால் தொடங்குவதற்குச் சரியான இடம். பிறகு பிள்ளையை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் தரையில் உட்கார்ந்து பாருங்கள். கணுக்கால் உள்பக்கமாகச் சரிந்தால் பிரேமை உள்பக்கம் நகர்த்த வேண்டும். வெளிப்பக்கம் சரிந்தால் வெளிப்பக்கம். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேறு எதையும் மாற்றாதீர்கள். வீலையும் பிரேமையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று இருக்கிறது, இதைச் சொல்லித்தர யாரும் மெனக்கெடுவதில்லை. டிராக்கில் எல்லோரும் இடப்பக்கமாகவே திரும்புகிறார்கள். ஆகவே இடது காலுக்கும் வலது காலுக்கும் வேலை ஒன்றல்ல. வளைவில் வலது கால் சக்கரத்தின் உள்விளிம்பால் தள்ளுகிறது. இடது கால் உடம்புக்கு அடியில் குறுக்கே போய் வெளிவிளிம்பால் தள்ளுகிறது. நேர் ஓட்டத்தில் இரண்டு காலுமே உள்விளிம்பைத்தான் தேய்க்கும். அப்படியானால், சில வாரம் ஓடிய பிள்ளையின் இடது ஸ்கேட்டைத் திருப்பிப் பாருங்கள். வீலின் வெளிப்பக்கமும் தேய்ந்திருந்தால் அந்தப் பிள்ளை வளைவில் நன்றாகச் சாய்கிறது. உள்பக்கம் மட்டும் தேய்ந்து வெளிப்பக்கம் புதுசு போல இருந்தால், சாயாமல் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே இடது பிரேமையும் இடது ஷூவையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வீடியோ எடுத்து ஆராயத் தேவையில்லை.

பனிக்கட்டி மேல் ஓடும் ஷார்ட் டிராக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மை விடத் துணிந்தவர்கள். ஒரு சுற்று 111.12 மீட்டர்தான், வளைவு அத்தனை நெருக்கம். அவர்கள் இரண்டு காலின் பிளேடையும் ஷூவின் நடுவிலிருந்து இடப்பக்கமாகத் தள்ளியே பொருத்துகிறார்கள், சாயும்போது ஷூ பனியில் இடிக்காமல் இருப்பதற்காக. பிளேடையும் வளைவின் போக்கிலேயே லேசாக வளைத்துவிடுகிறார்கள்.

பனிமலையிலும் இதே கதைதான். ஆல்பைன் ஸ்னோபோர்டு என்று ஒன்று உண்டு. பனிமலைச் சரிவில் ஒற்றைப் பலகை மேல் நின்று, பலகையின் ஓரத்தாலேயே வளைவை வெட்டிக்கொண்டு இறங்குவது. கார்விங் என்பார்கள். 1998ல் நாகானோ ஒலிம்பிக்கில்தான் ஸ்னோபோர்டு முதல்முறையாக வந்தது. செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா 2018ல் பியோங்சாங்கில் ஸ்கீ போட்டியில் ஒரு தங்கமும் ஸ்னோபோர்டில் ஒரு தங்கமும் வாங்கிய பிறகு அவர் பெயர் நம் செய்தித்தாள்களிலும் வந்தது. அந்தப் பலகையின் இடுப்பு அகலம் சுமார் 18 முதல் 20 சென்டிமீட்டர். சாதாரணப் பலகை 25 சென்டிமீட்டர் வரும். ஒடுங்கிய பலகை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சட்டென்று சாயும். ஆனால் பெரியவர் பாதம் 26, 27 சென்டிமீட்டர் இருக்கிறதே! குறுக்கே வைத்தால் விரலும் குதிகாலும் வெளியே நீட்டிக்கொண்டு பனியில் உரசும், ஆள் உருண்டுவிடுவார். அதனால் இரண்டு பாதத்தையும் 50, 60 டிகிரி முன்னோக்கித் திருப்பிக் கட்டுகிறார்கள். அப்படித் திருப்பிக் கட்டிய காலிலிருந்து பலகையைச் சாய்க்க, வளையாத பிளாஸ்டிக் ஷூ வேண்டும். பாதத்தின் நீளம் பலகையின் அகலத்தையும் கட்டும் கோணத்தையும் முடிவு செய்கிறது. அங்கேயும் அனுபவஸ்தர்கள் புதியவரிடம் முதலில் கேட்பது ஷூவைப் பற்றித்தான். பலகை இரவல் கிடைக்கும், காலுக்கான ஷூ இரவல் கிடைக்காது. பனி இல்லாத மாதங்களில் ஸ்கீ வீரர்கள் பலர் இன்லைன் ஸ்கேட்ஸ் போட்டுப் பழகுவதும் வளைவில் சாய்வதில் இருக்கும் இந்த ஒற்றுமையால்தான். காஷ்மீரின் குல்மார்க்குக்குச் சுற்றுலா போய்ப் பலகை வாடகைக்கு எடுக்கிற கோவைக்காரர்களும் முதலில் ஷூவைப் பார்க்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, வீலுக்கு வருவோம். இவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்.

பெரிய வீல் வேகம் என்பது பாதி உண்மை. சொரசொரப்பான ரோட்டில் பெரிய சக்கரம் எளிதாக உருளும், அது சரி. ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாகப் பாதம் தரையிலிருந்து மேலே போகிறது, கணுக்காலைச் சரிக்கும் நெம்புகோல் நீள்கிறது. 125 மில்லிமீட்டர் வீல் மூன்றை ஒரு மெலிந்த பிள்ளையின் காலில் மாட்டிவிட்டால் நேர்கோட்டில் பறக்கும், வளைவில் நொண்டும். பெரியவர்கள் அதிகம் ஓடும் 110 மில்லிமீட்டர் நான்கு வீலுக்குக் கூட வளர்ந்த கால் வேண்டும். 90, 100 என்று படிப்படியாக ஏறட்டும். போட்டிக்குப் போகிறவர்கள் அந்தந்த வயதுப் பிரிவுக்கு எத்தனை மில்லிமீட்டர் அனுமதி என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீலின் கடினத்தன்மையை 82ஏ, 85ஏ, 88ஏ என்று எண்ணால் போட்டிருப்பார்கள். எண் கூடினால் கெட்டி. வழுவழுவென்ற மொசைக் தரையில் கெட்டி வீல் வழுக்கும், அங்கே எண்ணைக் குறைக்க வேண்டும். நல்ல சிமென்ட் ரிங்கில் கெட்டி வீல் ஓடும். நம் தார் ரோட்டில் அதே கெட்டி வீலைப் போட்டால் அதிர்வு பல்லில் தெரியும்; நடுவாந்தரமாக 84, 85 வைத்துக்கொள்வது நல்லது. உள்பக்கம் தேய்ந்தவுடன் வீசிவிடாதீர்கள். முதல் வீலும் மூன்றாவதும் இடம் மாறட்டும், இரண்டாவதும் நான்காவதும் இடம் மாறட்டும், அப்படியே கால் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி மாட்டுங்கள். இன்னொரு ஆயுள் வரும்.

பேரிங் பெரும்பாலும் ஒரே அளவுதான், 608 என்பார்கள்: உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22. ஏபெக் எண்ணைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அது எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்திருக்கிறார்கள் என்பதற்கான எண், எவ்வளவு வேகம் போகும் என்பதற்கானது அல்ல. பட்டறை வேலை தெரிந்த ஊர் இது, விளக்கத் தேவையில்லை. இரண்டு பேரிங்குக்கு நடுவே ஸ்பேசர் இருக்கிறதா என்று மட்டும் கழற்றிப் பாருங்கள். அது இல்லாமல் போல்ட்டை முடுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கும், எந்த எண் போட்டிருந்தாலும் ஓடாது.

மதுக்கரைக்கென்று ஒரு தொல்லை உண்டு. வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பினால் ஆடி வரைக்கும் ஓயாது. சிமென்ட் ஆலை ஊர், கல் குவாரி லாரி போகிற ரோடு. அந்த மெல்லிய தூசி பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சத்தம் வந்தவுடன் வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயை விடுகிறார்கள். அது பிசுபிசுத்து இன்னும் தூசியைச் சேர்க்கும். பேரிங்கின் மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, அலசிக் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். அடுப்பு பக்கத்தில் இருந்து செய்யாதீர்கள். சாரலில் நனைந்து வந்தால் அன்றைக்கு இரவே வீலைக் கழற்றித் துடைத்துவிடுங்கள். "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று ஸ்கேட்ஸை ஈரத்தோடு பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தால், மறுநாள் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கும்.