உளுந்தூர்பேட்டையில் எந்த விமானம் இறங்கும்?

திண்டிவனத்திலிருந்து திருச்சி சாலையில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றதும் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு ஒரு விமானதளமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு தமிழகத்தில் ஆங்காங்கே அமைத்த தளங்களில் அதுவும் ஒன்று. சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு, இராமநாதபுரம் எல்லாம் அதே வரிசைதான். போர் முடிந்தது, விமானங்கள் போயின, புல்லும் முள்ளும் வந்தன. 2019ஆம் ஆண்டு வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அந்த இடம் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மேலிருந்து எடுத்த படங்களில் பழைய ஓடுபாதையின் தடம் இன்றைக்கும் தெரிகிறது.

இப்படிப்பட்ட தளத்தில் நாளைக்கே ஒரு விமானம் இறங்க வேண்டுமென்றால் எதை அனுப்பலாம்? பெரிய ஜெட் விமானங்களை இந்தப் பேச்சிலேயே சேர்க்க முடியாது. ஆனால் கரடுமுரடான நிலத்திலும், புல்தரையிலும், மலைச்சரிவிலும் இறங்குவதற்கென்றே பிறந்த சிறு விமானங்கள் உண்டு. விமானிகள் இவற்றைப் புஷ் பிளேன் என்பார்கள். கனடாவின் காடுகள், அலாஸ்காவின் ஆற்று மணல், நேபாளத்தின் மலை இடுக்குகள் எல்லாம் இவற்றின் நாடு. இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் ஒவ்வொரு விமானியும் தான் ஓட்டியதைத்தான் சொல்வார். அந்தச் சண்டை எழுபது ஆண்டுகளாக நடக்கிறது. தீர்ப்பைச் சொல்ல விமானத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது இறங்கப் போகிற மண், குடிக்கப் போகிற எரிபொருள், உதிரிபாகம் கிடைக்கிற ஊர் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உடலமைப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கை உடலின் மேற்பக்கம் இருக்கும். புதரும் கல்லும் இறக்கையில் படாது, விமானிக்குக் கீழே தரையும் நன்றாகத் தெரியும். சக்கரம் பெரிதாக இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், மெதுவாகப் பறந்தாலும் கீழே விழாத தன்மை. எவ்வளவு குறைந்த வேகத்தில் தரையைத் தொட முடிகிறதோ அவ்வளவு குறைந்த தூரத்தில் நின்றுவிடலாம். இறக்கையின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் இருக்கும் மடிப்புத் தகடுகள் செய்யும் வேலை இதுதான்.

இந்த இடத்தில் நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அதில் பிடிமானம் குறைவு. கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் ஆனால், விமானி அந்தத் தளத்தை ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவே கணக்கிட வேண்டும். கத்திரி வெயிலில் திண்டிவனத்தில் நிற்கும் விமானம் தன்னைக் கல்வராயன் மலைமேல் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். கனடாவின் குளிரில் 300 மீட்டரில் எழும்பும் என்று விளம்பரம் சொன்னால், மே மாதத்து உளுந்தூர்பேட்டையில் அதை நம்பி முழுச் சுமை ஏற்றக் கூடாது.

இந்த வகை விமானம் எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்பதை உலகம் பெரிய அளவில் பார்த்தது நமக்கு அக்கரையில், பர்மாவில். 1944இல் ஜப்பானியர் வசமிருந்த காட்டுக்குள் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் படையினர் இறங்கினார்கள். காயம்பட்டவர்களைச் சுமந்து வெளியேற வழியில்லை. ஸ்டின்சன் எல்-5 என்ற சின்னஞ்சிறு அமெரிக்க விமானங்கள், வெட்டித் திருத்திய காட்டுத் துண்டுகளில் இறங்கி, அவர்களை ஒருவர் ஒருவராக ஏற்றிப் பறந்தன. 185 குதிரைத்திறன் எஞ்சின்தான். குண்டு போட வந்த விமானங்களின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டன. இதன் பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

போர் முடிந்ததும் கனடாவின் டி ஹாவிலேண்ட் நிறுவனம் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. காட்டு விமானிகளிடமே போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது. அதன் விளைவுதான் 1947 ஆகஸ்ட் 16 அன்று முதன்முதலாகப் பறந்த பீவர். 450 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை எஞ்சின், விமானியோடு ஏழெட்டுப் பேருக்கு இடம், எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றும் அகலத்துக்குக் கதவு. சக்கரத்தைக் கழற்றி மிதவை மாட்டலாம், பனிச்சறுக்குக் கட்டை மாட்டலாம். ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் கட்டினார்கள். 1967இல் உற்பத்தி நின்றுபோன விமானம், கனடாவின் மேற்குக் கரையில் இன்னும் பயணிகளைச் சுமக்கிறது. அதன் அண்ணனாக 1951இல் வந்த ஆட்டரை இந்திய விமானப்படையும் வாங்கி, மலைப்பகுதிகளுக்குச் சரக்கு கொண்டுபோகப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது.

பீவரின் பெருமையைப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடுவது எரிபொருளை. அதன் பழைய பிஸ்டன் எஞ்சினுக்கு அவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் வேண்டும். இந்தியா நெடுங்காலம் அதை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கியது. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த அவ்காஸை அறிமுகப்படுத்தியதே 2022 செப்டம்பரில்தான். மாறாக, டர்பைன் எஞ்சின்களுக்கு வேண்டிய விமான மண்ணெண்ணெய் பெரிய விமானநிலையம் எதிலும் கிடைக்கும். நம் நாட்டில் பிஸ்டன் விமானங்கள் பயிற்சிக் கழகங்களைத் தாண்டி அதிகம் வளராததற்கு இது ஒரு பெரிய காரணம். ஓசூர் அருகே பெலகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனம் 1990களில் இத்தாலியின் பார்டெனாவியா பி-68 விமானத்தைக் கட்டியது. ஆறு இருக்கை, இரட்டை எஞ்சின், நல்ல விமானம். தமிழ்நாட்டு மண்ணில் ஒரு தனியார் நிறுவனம் விமானம் கட்டியது என்பதே இன்று பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அதுவும் பிஸ்டன்தான், சில விமானங்களோடு அந்த முயற்சி அடங்கிவிட்டது.

ஆகவே நம் போட்டியில் டர்பைன் விமானங்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

மிகக் குறுகிய இடத்தில் இறங்குவது மட்டுமே அளவுகோல் என்றால் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் போர்ட்டருக்குத்தான் பரிசு. முழுச் சுமையோடு 200 மீட்டருக்குள் எழும்பிவிடும். 1960இல் தௌலகிரி சிகரத்தில் முதன்முதலாக ஏறிய குழுவுக்கு, 'யெட்டி' என்று பெயரிட்ட ஒரு போர்ட்டர் 5,700 மீட்டர் உயரப் பனிவெளியில் ஆளையும் பொருளையும் கொண்டுபோய் இறக்கியது. அதே பயணத்தில் அது விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் உயிர்தப்பி, நடந்தே கீழே இறங்கினார்கள். வீரக்கதைதான். ஆனால் உள்ளே பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார வேண்டும், தயாரிப்பும் நின்றுவிட்டது. நமக்கு ஆகாது.

செஸ்னா கேரவன் இதற்கு நேர் எதிர். சாகசம் எதுவும் கிடையாது. 1982இல் முதலில் பறந்தது, இதுவரை மூவாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். ஒற்றை டர்பைன், மடக்காத சக்கரம், அகலமான சரக்குக் கதவு, குறைந்த செலவு. இலங்கையில் சினமன் ஏர் நிறுவனம் கேரவன்களைத்தான் கொழும்பிலிருந்து உள்ளூர்த் தளங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் ஓட்டுகிறது. அந்தமானில் 2010 இறுதியில் தொடங்கிய ஜல் ஹன்ஸ் கடல்விமானமும் கேரவனே. குறை ஒன்றுதான்: எஞ்சின் ஒன்று. நிலத்தின்மேல் பறக்கையில் அது நின்றால் ஏதாவது வயலைத் தேடி இறக்கலாம். மரக்காணத்துக்கு அப்பால் கடல்மேல் நின்றால் என்ன செய்வது?

இரட்டை எஞ்சின் என்று வந்தால் உண்மையான போட்டி இருவருக்குள்தான்: கனடாவின் ட்வின் ஆட்டர், ஜெர்மனியில் பிறந்து கான்பூரில் வளர்ந்த டோர்னியர் 228. இரண்டும் 19 பயணிகள் வரை ஏற்றும், இரண்டுக்கும் மேலிறக்கை. ஆனால் குணம் வேறு.

ட்வின் ஆட்டர் 1965இல் பறக்கத் தொடங்கியது. சக்கரத்தை மடக்காது, அதனால் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டித்தான். பதிலுக்கு அது இறங்காத இடமில்லை. நேபாளத்தின் லுக்லாவில் 527 மீட்டரே நீளமுள்ள, மேட்டில் ஏறிப்போகும் ஓடுபாதையில் இறங்குகிறது. மாலத்தீவில் மிதவை கட்டிக்கொண்டு தீவுக்குத் தீவு தாவுகிறது. 2001 ஏப்ரலில், தென்துருவ ஆய்வு நிலையத்தில் நோயுற்ற மருத்துவரை அழைத்துவர, துருவ இரவின் இருட்டிலும் உறைபனியிலும் போய்வந்ததும் ட்வின் ஆட்டர்தான். 1988இல் நின்ற உற்பத்தியை, கேட்கிறவர்கள் ஓயாததால், வைக்கிங் என்ற நிறுவனம் மீண்டும் தொடங்கி 2010இல் புதிய விமானத்தைப் பறக்கவிட்டது. ஒரு விமானத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

டோர்னியர் சக்கரத்தை மடக்கிக்கொள்ளும். இறக்கை வடிவமும் புதியது. மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொடும். மிதவை மாட்ட முடியாது, ட்வின் ஆட்டரைவிடச் சற்று நீளமான ஓடுபாதை கேட்கும். ஆனால் 1980களிலிருந்து எச்.ஏ.எல். நிறுவனம் கான்பூரில் அதைக் கட்டுகிறது. விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை மூன்றிலும் அது இருக்கிறது. அதாவது உதிரிபாகத்துக்கு வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஓட்டத் தெரிந்தவர்களும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் சென்னையிலேயே உண்டு. 2022 ஏப்ரல் 12 அன்று அலையன்ஸ் ஏர் நிறுவனம் கான்பூரில் கட்டிய டோர்னியரை திப்ரூகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்குப் பயணிகளோடு அனுப்பியது.

இந்த விமானத்துக்கும் நம் கரைக்கும் ஒரு துயரமான தொடர்பு உண்டு. 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து ரோந்து போன கடலோரக் காவல்படை டோர்னியர் மூன்று பேரோடு காணாமல் போனது. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தேடி, பிச்சாவரத்துக்கு நேரே ஆழ்கடலில், சுமார் 950 மீட்டர் ஆழத்தில் அதன் கறுப்புப் பெட்டியை எடுத்தார்கள். இரட்டை எஞ்சின் இருந்தால் ஆபத்தே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

பயணிகளோடும் டோர்னியர் இங்கே வந்திருக்கிறது. 1980களின் இறுதியில் அரசின் வாயுதூத் நிறுவனம் சென்னையையும் புதுச்சேரி, நெய்வேலி, தஞ்சாவூர் போன்ற ஊர்களையும் இந்த விமானத்தால் இணைத்தது. நிலைக்கவில்லை. 2017இல் மத்திய அரசின் உடான் விமானச் சேவைத் திட்டத்தில் நெய்வேலிக்கு மறுபடி இடம் கிடைத்தது. அதை ஏற்ற ஏர் ஒடிசா நிறுவனம் சேவையைத் தொடங்கவேயில்லை. திண்டிவனத்துக்காரரைக் கேட்டால் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுவார். மீனம்பாக்கம் விமானநிலையமே நம் ஜி.எஸ்.டி. சாலையில்தான் இருக்கிறது, பேருந்தில் ஏறினால் இரண்டு இரண்டரை மணி நேரம். இதற்கு விமானம் எதற்கு? பெங்களூரு, ஐதராபாத் போக வேண்டியவர்களுக்குப் புதுச்சேரியில் 1,500 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானங்கள் அங்கே வருகின்றன.

அப்படியானால் உளுந்தூர்பேட்டைத் தளம் வீண்தானா? பயணச்சீட்டு விற்பதற்கு வீண். ஆனால் அதே 2024 டிசம்பரின் முதல் நாள்களை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தொட்டு நீர் ஓடியதால் ரயில்கள் நின்றன. சாலையும் தண்டவாளமும் ஒரே நேரத்தில் அறுந்தன. 2015 சென்னை வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூடப்பட்டபோது அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்துதான் பயணிகளை ஏற்றினார்கள். கையிருப்பில் ஒரு தளம் இருப்பதன் அருமை இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும். ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், மொட்டைமாடியில் சிக்கியவரைத் தூக்க அதுதான் வேண்டும். ஆனால் மருந்தும் உணவும் டன் கணக்கில் வர வேண்டுமென்றால், அதே செலவில் அதிகம் சுமப்பது இறக்கை வைத்த விமானம்தான்.

மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரியில் மிதவை விமானம் விடலாமே என்று யாராவது கிளம்பினால் அந்த யோசனையை முளையிலேயே கிள்ள வேண்டும். அது 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பறவைக் கூட்டத்துக்கு நடுவே விமானம் இறங்குவது பறவைக்கும் நல்லதல்ல, விமானிக்கும் நல்லதல்ல.

பணத்தைப் பற்றிக் கவலையில்லை என்றால் ட்வின் ஆட்டர்தான் இவற்றில் சிறந்த விமானம். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. சிக்கனமே முதல் என்றால் கேரவன். ஆனால் உளுந்தூர்பேட்டைக்கு ஏற்றது டோர்னியர் 228. அதைக் கட்டும் தொழிற்சாலை நம் நாட்டில் இருக்கிறது, ஓட்டுகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், எரிபொருள் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. குறைவது முள்ளை அகற்றிச் செப்பனிட்ட ஒரு கிலோமீட்டர் ஓடுபாதை. அதை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு செய்துவைக்கும்படி மாவட்ட நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியது இந்தப் பகுதி மக்கள்தான்.